ஏப்ரல் மாத விழா நாட்காட்டியை உருப்படியாகத் தயாரிப்பது எப்படி

ரொறன்ரோ வட்டாரப் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஏப்ரல் மாதத்துக்கான பல்லின விழா நாட்காட்டியைப் போடும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். பெரும்பாலும் அவர் இணையத்தில் கிடைத்த பட்டியலை எடுத்து, வண்ணப் படங்கள் சேர்த்து, மார்ச் கடைசி நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். சுவரொட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே வாரத்தில் ஒரு யூதப் பிள்ளைக்குப் பாஸ்கா (Passover) பண்டிகையின் முதல் நாளன்று கணிதப் பரீட்சை வந்திருக்கும். நோன்பிருக்கும் எத்தியோப்பியப் பெண் ஒருவருக்கு மதியக் கூட்டத்தில் பீட்சாவைத் தவிர வேறொன்றும் இருக்காது. இனப்படுகொலையை நினைவுகூரும் நாளில் ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டுப் போகும். நாட்காட்டி முதலில் தடுக்க வேண்டியவை இவைதாம். வாழ்த்துச் சொல்வது அதற்குப் பிறகு.

ஜனவரியில் தொடங்குங்கள்

ஏப்ரல் மாதப் பரீட்சைகள், பெற்றோர் சந்திப்புகள், பயிற்சி வகுப்புகளின் நேரங்கள் பெப்ரவரிக்குள் உறுதியாகிவிடும். அதற்குப் பின் நீங்கள் கொடுக்கும் பட்டியலைப் பார்த்து யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. எனவே ஜனவரி நடுவில் ஒரு விரிதாளைத் திறந்து, ஒவ்வொரு நாளுக்கும் இத்தனையையும் எழுதுங்கள்: பெயர், இந்த ஆண்டின் திகதியும் கிழமையும், முந்திய நாள் மாலையிலேயே தொடங்குகிறதா, கடைப்பிடிப்பவர்கள் யார், அன்று வேலையோ படிப்போ தவிர்ப்பார்களா, உணவுக் கட்டுப்பாடு என்ன, மகிழ்ச்சியா துயரமா, திகதியை யாரிடம் உறுதி செய்தீர்கள். கடைசி நிரலை வெறுமையாக விடாதீர்கள். மார்ச்சில் ஒருவர் வந்து 'இது தவறு' என்று சொன்னால் உடனே யாரிடம் கேட்பது என்பதற்கு அது வேண்டும்.

பட்டியலில் முப்பது நாற்பது வரிகள் சேரும். அத்தனைக்கும் நிகழ்ச்சி வைக்க முற்பட்டால் எதுவுமே சரியாக நடக்காது. ஐந்தாறுக்கு மட்டும் நிகழ்ச்சி வையுங்கள். மற்றவற்றுக்கு நேர அட்டவணையில் இடம் விட்டால் போதும். ஆட்களுக்கு உண்மையில் உதவுவதும் அதுதான்.

திகதிகள்: போன ஆண்டுப் பட்டியலைத் திருப்பிப் போடக் கூடாது

சில நாட்கள் ஆங்கில நாட்காட்டியில் அசையாதவை. ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள், 7 உலக சுகாதார நாள், 22 புவி நாள், 24 ஆர்மேனிய இனப்படுகொலை நினைவு நாள், 28 வேலையிடத்தில் இறந்தவர்களுக்கும் காயமடைந்தவர்களுக்குமான கனடாவின் தேசிய துக்க நாள். இவற்றுக்குக் கிழமை மட்டும் பார்த்தால் போதும். சில நாட்கள் கிழமையைப் பிடித்து நடப்பவை. கொடுமைப்படுத்தலுக்கு எதிரான 'இளஞ்சிவப்பு நாள்' ஏப்ரல் இரண்டாம் புதன்கிழமை. பெப்ரவரி கடைசிப் புதனில் வரும் இளஞ்சிவப்புச் சட்டை நாளோடு இதைக் குழப்பி, இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது வழக்கமான பிழை.

சூரியக் கணக்கில் வரும் புத்தாண்டுகள் ஏறக்குறைய நிலையானவை. சூரியன் மேட ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணிப்பதால் தமிழ், சிங்களப் புத்தாண்டு ஏப்ரல் 14 ஒட்டியே வரும். இலங்கையில் 13, 14 இரண்டும் விடுமுறை. வங்காளப் புத்தாண்டு வங்கதேசத்தில் 14, மேற்கு வங்கத்தில் வழக்கமாக 15. தாய்லாந்தின் சொங்க்ரான் 13 முதல் 15 வரை. கம்போடிய, லாவோசியப் புத்தாண்டுகளும் அதே சில நாட்களில் வரும். சீக்கியரின் வைசாகி 13 அல்லது 14. குருத்துவாரா (சீக்கியர் கோயில்) எந்த நாளை அறிவிக்கிறதோ அதை எழுதுங்கள்.

சந்திரக் கணக்கு கலந்தவைதாம் கையைக் கடிக்கும். தெலுங்கரின் யுகாதி 2026இல் மார்ச் 19, 2027இல் ஏப்ரல் 7. மேற்கத்தியத் திருச்சபைகளின் உயிர்த்த ஞாயிறு 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. கிரேக்கர், உக்ரேனியர், எத்தியோப்பியர், எரித்திரியர், கொப்தியர் முதலான ஓர்த்தடொக்ஸ் கிறித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. 2028இல் இரண்டும் ஏப்ரல் 16ஆம் திகதி ஒன்றாக வரும். ரமழான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வது; 2023இலும் 2024இலும் ஏப்ரலில் இருந்த ஈகைத் திருநாள் இப்போது மார்ச்சுக்குள் போய்விட்டது. பழைய பட்டியல்களில் அது இன்னும் ஏப்ரலில் கிடக்கும். பார்த்து நீக்குங்கள்.

மாலையில் தொடங்கும் நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். யூதர்களின் எல்லாப் பண்டிகைகளும், பஹாய் சமயத்தாரின் பன்னிரண்டு நாள் ரித்வான் விழாவும் முந்திய நாள் சூரியன் மறையும்போது தொடங்குபவை. ரொறன்ரோவில் ஏப்ரல் முதல் வாரத்தில் 7.45 அளவிலும் நடுவில் 8 மணி அளவிலும் சூரியன் மறையும். அதைப் பார்த்துவிட்டு 6.30க்குப் பெற்றோர் கூட்டம் வைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்கா முதல் இரவு விருந்துக்கான சமையலும் வீட்டைத் துப்புரவாக்குவதும் அன்று காலையிலிருந்தே நடக்கும்.

நம் புத்தாண்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருடம் பிறக்கும் நேரத்தையும் விஷு புண்ணிய காலத்தையும் வேறு வேறாகத் தரும். இரண்டும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து நேரத்தில் அச்சாகியிருக்கும். ஏப்ரலில் ரொறன்ரோ கோடை நேரத்தில் இருப்பதால் அந்த நேரத்திலிருந்து 9 மணி 30 நிமிடம் கழிக்க வேண்டும். குளிர்காலப் பழக்கத்தில் 10.30 கழித்தால் ஒரு மணி நேரம் பிசகும். இலங்கையில் 14ஆம் திகதி அதிகாலை பிறக்கும் வருடம் இங்கே 13ஆம் திகதி மாலையிலேயே பிறந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். உள்ளூர்க் கோயில் தரும் நேரத்தை எழுதுவதே பாதுகாப்பு.

2026 ஏப்ரலை வைத்து ஒரு பயிற்சி

நாட்கள் ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன என்பதற்கு 2026 நல்ல பாடம். ஏப்ரல் 2 வியாழக்கிழமை. மறுநாள் பெரிய வெள்ளி. ஒன்ராறியோவில் அது பொது விடுமுறை. திங்களும் பாடசாலைகளுக்கு விடுமுறை. நீண்ட வார இறுதிக்கு முந்திய வியாழன் என்பதால் அன்றுதான் எல்லோரும் விருந்தும் விளையாட்டும் வைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அன்று பாஸ்காவின் முதல் நாள், கத்தோலிக்கரின் பெரிய வியாழன், ஈரானியர் குடும்பத்தோடு வெளியே போகும், நவ்ரூஸ் என்ற அவர்கள் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள், உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என நான்கும் ஒன்றாக விழுகின்றன. விருந்தை மார்ச் 31க்கு நகர்த்துவதே சரி.

பாஸ்காவில் முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் (2026இல் ஏப்ரல் 2, 3, 8, 9) கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் வேலை செய்வதோ எழுதுவதோ இல்லை. பலர் முதல் இரண்டு நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 8ஆம் திகதி பரீட்சை வைத்துவிடுவார்கள். அன்றே இளஞ்சிவப்பு நாளும் வருகிறது.

ஏப்ரல் 7 இன்னும் கவனம் வேண்டிய நாள். 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்கள் படுகொலை செய்யப்பட்டதை நினைவுகூரும் நாள் அது. உடலுறுப்புக் கொடையை ஊக்குவிக்கும் பச்சைச் சட்டை நாளும் கனடாவில் அன்றுதான். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் போடாதீர்கள். காலையில் நினைவுகூரலுக்குத் தனி அறிவிப்பு. பச்சைச் சட்டைக்கு முதல் நாளே அறிவிப்பு.

மிகக் கடினமானது ஏப்ரல் 14, செவ்வாய். தமிழ்ப் புத்தாண்டு, சொங்க்ரானின் நடுநாள், வைசாகி. யூதர்கள் நாசிப் படுகொலையை நினைவுகூரும் யோம் ஹஷோவாவும் அந்த ஆண்டு அன்றே. (ஜனவரி 27இல் ஐ.நா. கடைப்பிடிக்கும் நாள் வேறு.) அது 13ஆம் திகதி மாலையே தொடங்குவதால் நினைவுகூரலை அன்று பின்னேரம் அல்லது 14 காலை முதல் மணியில் வைக்கலாம். புத்தாண்டு மேசையை மதியத்துக்குப் பிறகு திறவுங்கள். இரண்டுக்கும் ஒரே மண்டபம் வேண்டாம். காலை அறிவிப்பில் ஒருவரே மாறிமாறி 'நினைவுகூருவோம், கொண்டாடுவோம்' என்று வாசித்தால் இரு பக்கத்தாருக்கும் புண்படும்.

2027இல் மோதல்கள் வேறு இடத்துக்கு மாறும். புத்தாண்டும் இளஞ்சிவப்பு நாளும் ஏப்ரல் 14 புதனில் ஒன்றாக வரும். பாஸ்கா 21 மாலை தொடங்குவதால் அதன் முதல் நாள் 22, அதாவது புவி நாள். மரம் நடவும் குப்பை பொறுக்கவும் பிள்ளைகளை அழைத்துப் போவதாயின் 20ஆம் திகதி செவ்வாயில் போகலாம்.

உணவு

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். பாஸ்கா நாட்களில் கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகியவற்றால் செய்து புளித்த எதுவும் ஆகாது. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழிவந்த) யூதர்களில் பலர் அரிசி, பருப்பு, சோளத்தையும் தவிர்ப்பார்கள்; ஆக 'கோதுமை இல்லையே, இட்லி கொடுக்கலாமே' என்பது சரிப்படாது. பொதியில் கோஷர் (யூத உணவு விதிக்கு உகந்தது) முத்திரை இருந்தாலும் போதாது. பாஸ்காவுக்கு உகந்தது என்று தனியாக அச்சிட்டிருக்க வேண்டும். திறக்காத பொதியாகவே கொடுங்கள். பழத்தை வெட்டாமல் முழுதாக வைத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை.

ஓர்த்தடொக்ஸ் தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் கிடையாது. பெரும்பாலான நாட்களில் மீனும் கிடையாது. 2026இல் மேற்கத்திய உயிர்த்த ஞாயிறு முடிந்த மறுநாள் தொடங்கி ஏப்ரல் 11 வரை அவர்களுக்குப் புனித வாரம். மிச்சமான பால் சொக்லேட் முட்டைகளை எல்லோர் மேசையிலும் வைக்கும் வாரமும் அதுவே. 2027இல் ஏப்ரல் முழுவதுமே அவர்களுக்குத் தவக்காலம். அலுவலக உணவில் எண்ணெயில் சமைத்த, பாலும் முட்டையும் படாத மரக்கறி உணவு ஒன்று இருந்தால் அவர்களுக்கும் உதவும், நம் சைவக்காரருக்கும் உதவும்.

ஈஸ்டர் இனிப்புகளில் மார்ஷ்மெல்லோ, சிலவகை ஜெலி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. முஸ்லிம், யூத, இந்து, சமணப் பிள்ளைகள் பலருக்கு ஆகாது. பொதியின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

ஒவ்வாமை வேறு கணக்கு. கனடாவின் முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் நிலக்கடலை, பால், முட்டையோடு எள்ளும் கடுகும் உண்டு. நம் பலகாரத்தில் பாதி இதில் மாட்டும்: முறுக்கில் எள், தாளிதத்தில் கடுகு, எள்ளுருண்டை சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு தட்டின் முன்னும் பொருட்பட்டியலை எழுதி வையுங்கள். பல பாடசாலைகள் வீட்டில் செய்த உணவை ஏற்பதில்லை. முதலில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, தேவையானால் பொருட்பட்டியல் ஒட்டிய பொதியாகக் கடையில் வாங்குங்கள்.

புத்தாண்டு மேசை

வீட்டில் வைக்கும் தட்டை அப்படியே பொது இடத்தில் வைக்க முடியாது. குத்துவிளக்கு ஏற்றினால் புகைமணி அடிக்கும், தீயணைப்பு விதியும் இடங்கொடாது. மின்கல விளக்கு வையுங்கள். வெற்றிலை வைக்கலாம். பாக்கைப் பாடசாலை மேசையில் வைக்க வேண்டாம். அது புற்றுநோய் வருவிக்கும் பொருள். சிறு பிள்ளை எடுத்து வாயில் போடும் வாய்ப்பும் உண்டு. நகைக்குப் பதில் ஒரு மஞ்சள் துணி, கண்ணாடி பிளாஸ்டிக் சட்டம் போட்ட சிறியதாக இருக்கட்டும். நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்றாமல் பச்சரிசி நிரப்பினால் கவிழ்ந்தாலும் மின்கம்பிகள் நனையாது. பலாச்சுளையை மூடிய பெட்டியில் வையுங்கள். மணம் பிடிக்காதவர்கள் இருப்பார்கள்.

கோலத்தைத் தரையில் போட ஆசையாக இருக்கும். மாவு ஓட்டுத் தரையில் வழுக்கும், கம்பளத்தில் விழுந்தால் எளிதில் போகாது. 60 சென்ரிமீற்றர் சதுரமான கறுப்பு அட்டையில் வெள்ளைப் பேனாவால் போடுங்கள். ஏழுக்கு ஏழு புள்ளி, புள்ளிக்கிடையே 8 சென்ரிமீற்றர். நான்கு பக்கமும் 6 சென்ரிமீற்றர் ஓரம் மிஞ்சும். பிள்ளைகள் இழைப்பதற்கென்று புள்ளி மட்டும் வைத்த அட்டைகள் இன்னும் சில இருந்தால், மேசையை விட்டு ஒருவரும் நகரமாட்டார்கள்.

ஈழத்து வீடுகளில் அன்று பொங்கலும் பலகாரமும் கைவிசேடமும் முக்கியம். தமிழ்நாட்டு வீடுகளில் வேப்பம்பூ சேர்ந்த மாங்காய்ப் பச்சடி. சமையலுக்கு அனுமதி இருந்தால் முப்பது பேர் சுவைக்கப் பச்சடிக்கு இந்த அளவு போதும்: மாங்காய் 1 கிலோ, வெல்லம் 500 கிராம், தண்ணீர் அரை லீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, காய்ந்த வேப்பம்பூ இரண்டு மேசைக்கரண்டி. வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். மாங்காய்த் துண்டு நன்றாக மசிந்த பிறகே வெல்லப்பாகை ஊற்றுங்கள். முந்திவிட்டால் இனிப்பில் துண்டு இறுகி, எவ்வளவு கொதித்தாலும் வேகாது. வேப்பம்பூவை நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் தூவிக்கொள்ளட்டும். கடுகைத் தவிர்த்தால் சுவை பெரிதாகக் கெடாது.

விளக்க அட்டையில் 'தமிழர்கள் அனைவரும் கொண்டாடும்' என்று எழுதாதீர்கள். தை முதல் நாளையே புத்தாண்டாகக் கொள்ளும் தமிழர் உண்டு. கிறித்தவ, இஸ்லாமியத் தமிழர் பலர் இதைக் கொண்டாடுவதில்லை. 'பல தமிழ்க் குடும்பங்கள் கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டு' என்றால் யாரும் விடுபடமாட்டார்கள். இன்னொன்று: ஒன்ராறியோவில் தமிழ் மரபுத் திங்கள் ஜனவரி, ஏப்ரல் சீக்கிய மரபுத் திங்கள். இரண்டையும் மாற்றிப் போட்ட சுவரொட்டி வெளியே போனால் திரும்ப எடுக்கவும் முடியாது.

வைசாகிக்குச் சீக்கியக் குருமாரின் படமோ, வாள்கள் கொண்ட அவர்களின் கண்டா சின்னமோ போட்ட காகிதத் தட்டு, கைதுடைக்கும் தாள் எதையும் வாங்காதீர்கள். அவை குப்பைக்குத்தான் போகும், அது அவமதிப்பு. குருத்துவாராவுக்குக் குழுவாகப் போவதாயின் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தலையை மூட ஒரு துணி, கழற்ற எளிதான காலணி, சட்டைப்பையில் சிகரெட் கூடாது, லங்கரில் (பொது உணவுக்கூடத்தில்) தரையில் உட்கார வேண்டும், முடியாதவருக்கு நாற்காலி கேட்கலாம். சிங்மிங் நாளில் (ஏப்ரல் 4 அல்லது 5) சீன நண்பர்களுக்கு வாழ்த்து அனுப்ப வேண்டாம். அவர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகும் நாள் அது.

அச்சுக்கு முன்

தமிழ்ச் சுவரொட்டிகளில் கொம்பும் காலும் இடம் மாறி 'போ' என்பது மூன்று துண்டாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபோட்டோஷொப், இன்டிசைன் போன்றவற்றில் எழுத்தமைப்பியைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் இப்படித்தான் ஆகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்தி, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். குர்முகியிலும் இதே சிக்கல் உண்டு. ஹீப்ருவும் பாரசீகமும் வலமிருந்து இடமாக ஓடுபவை. வெட்டி ஒட்டும்போது சொல் வரிசை தலைகீழாகும். ஒவ்வொரு மொழியையும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சிட்ட ஒரு பிரதியைக் காட்டிவிட்டுத்தான் நூறு அடியுங்கள்.

ஆட்டிசம் நாள்

ஐ.நா. 2007இல் அறிவித்த இந்த நாளைக் கனடா 2012இல் சட்டமாக்கியது. நீல விளக்கையும் புதிர்த்துண்டுச் சின்னத்தையும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் விரும்புவதில்லை; தங்களை அரைகுறையாகக் காட்டுவதாகவே அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். வானவில் நிற முடிவிலிச் சின்னம் (∞) பொருத்தமானது. பேச வைத்தியரையும் பெற்றோரையும் மட்டும் அழைக்காமல், ஆட்டிசம் உள்ள ஒருவரையே அழையுங்கள். அவருக்குச் சன்மானம் கொடுங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பலூன் வேண்டாம், வெடிக்கும். கைதட்டலுக்குப் பதில் கையசைப்பு, மினுங்கும் குழல்விளக்குகளை அணைத்தல், இடையில் எழுந்து போக அமைதியான பக்கத்து அறை. அந்த ஏற்பாடுகளை ஏப்ரல் 3ஆம் திகதி கழற்றிவிடாமல் எல்லாக் கூட்டங்களிலும் தொடருங்கள்.

விடுப்பும் கேட்கும் முறையும்

ஒன்ராறியோவின் மனித உரிமைக் கோவை, சமய நம்பிக்கையின் பொருட்டு ஒருவருக்கு வேண்டிய இடங்கொடுப்பை நிறுவனம் மிகையான சிரமத்துக்கு ஆளாகாத அளவில் செய்து தர வேண்டும் என்கிறது. ஆனாலும் பலர் கேட்கவே தயங்குவார்கள். எனவே மார்ச் முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு வரி அனுப்புங்கள்: 'ஏப்ரலில் சமய அல்லது பண்பாட்டு நாளுக்காக விடுப்போ, தாமத வருகையோ, நேர மாற்றமோ வேண்டியவர்கள் மார்ச் 15க்கு முன் சொல்லுங்கள், காரணம் விளக்கத் தேவையில்லை.' நம்மவர்களுக்குப் பெரும்பாலும் முழுநாள் விடுப்புக்கூட வேண்டாம். மருத்துநீர் வைத்துக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு 11 மணிக்கு வர விட்டாலே போதும்.

பிரிவில் இருக்கும் ஒரே தமிழரையோ ஒரே சீக்கியரையோ பிடித்து 'உங்கள் பண்டிகையைப் பற்றிப் பேசுங்கள்' என்று எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். தனியாக, மறுக்க வழி விட்டுக் கேளுங்கள். மறுத்தால் மறுமுறை கேட்க வேண்டாம்.

மே முதல் வாரத்தில் அதே விரிதாளைத் திறந்து யாருக்கு என்ன தவறியது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டின் திகதிகளையும் அப்போதே நிரப்பி, பரீட்சை நேர அட்டவணை போடுபவருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.